முந்தி இழுக்கிற கை

நானா தேநீர் போட்டால் தண்ணீர் கொதித்திருக்காது. மீன் பொரித்தால் முள்ளோரம் சிவப்பாகவே இருக்கும். சட்டியை இன்னும் கொஞ்சம் வையுங்கோ என்று நாம் வாயெடுப்பதற்குள் அதை இறக்கி மூடிவிட்டிருப்பார். நாங்கள் வேலை செய்த கப்பலின் சமையற்காரர் அவரை அடுப்படி வாசலிலேயே நிறுத்தி வைத்ததற்கு இதுதான் காரணம். அதில் நான் சமையற்காரரின் கட்சி.

ஒருமுறை கொழும்பிலிருந்து இரண்டு பேரும் ரயிலில் ஊருக்கு வந்தோம். அவர் முருங்கனில் இறங்கி, சிலாபத்துறைப் பக்கம் வண்டி பிடிக்க வேண்டும். நான் மன்னார் வரை போக வேண்டும். மதவாச்சி தாண்டியதுமே மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவடியில் போய் நின்றுவிட்டார். மடு ரோட்டில் ரயில் நின்றது. இறங்கிவிட்டார்.

"நானா, இது மடு. முருங்கன் இனித்தான் வருது," என்று கத்தினேன்.

"தெரியும் தம்பி. இனி எவ்வளவு தூரம்? நடந்திடுவன்," என்றார்.

நடந்து பார்த்தால் தெரியும் எவ்வளவு தூரம் என்று. ஆனால் அவர் முழுத்தூரமும் நடந்திருக்கமாட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வழியில் போகிற மாட்டு வண்டியை யாரும் கைகாட்டி மறிப்பதில்லை. வண்டியின் பின்பலகையில் ஒரு கையை வைத்துக்கொண்டு பேசாமல் கூடவே நடக்க வேண்டும். வண்டிக்காரருக்கு மனம் இருந்தால் திரும்பிப் பார்த்து "ஏறுங்கோ" என்பார். மனம் இல்லையென்றால் பார்க்கமாட்டார். கேட்டவரும் இல்லை, மறுத்தவரும் இல்லை. நெல் மூட்டை வண்டிகளுக்குப் பின்னால் இப்படி நடந்தே நானா பாதி வன்னியைப் பார்த்தவர்.

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. தங்கைமாரின் பிள்ளைகள் இன்னும் அந்தக் கரையில் இருக்கிறார்கள், அதனால் நான் சொல்லப் போவதில்லை. நானா என்பது முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல். மன்னார்த் தாழ்வுபாட்டு ஊர்க் கத்தோலிக்கனான என் வாயிலும் அது இரண்டாம் நாளே ஒட்டிக்கொண்டது. அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. அவர் நாற்பதை எட்டியிருப்பார். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொழும்புத் துறைமுகத்தில் ஒரு ஒல்லாந்துச் சரக்குக் கப்பலுக்கு ஆள் எடுத்தார்கள். எனக்குக் கொஞ்சம் இங்கிலீசு தெரிந்ததால் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. அவருக்குக் கயிற்று வேலை. கயிறு என்றால் அவருக்குக் கண் தேவையில்லை, கையே பார்த்துக்கொள்ளும். அந்தக் கையைக் கப்பலில் எல்லோரும் மெச்சினார்கள். அடுப்படியைத் தவிர.

கப்பல் புறப்படுவதற்கு முதல் நாள் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்டினேன். அவருடைய இளைய தங்கை ஆரையோ கொண்டு எழுதுவித்திருந்தாள். பதினெட்டு வருடத்துக்குப் பிறகு கடலடி முத்துப் பார் திறக்கப் போகிறதாம், வருகிற மாசியில் மறிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடக்குமாம். அவளைக் கட்டியவன் குளியாளி. வேறு ஆரும் கயிறு பிடித்தால் கடலில் இறங்கமாட்டேன் என்று நிற்கிறானாம். நானா, வருவீங்களா மாட்டீங்களா என்று கேட்டிருந்தாள்.

முத்துக்குளிப்பில் இதுவும் ஒரு வழக்கம். குளியாளி காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கூடையோடு அடிக்கு இறங்குவான். மேலே தோணியில் நிற்பவன் அவனுடைய கயிற்றைப் பிடித்திருப்பான். மூச்சு முடியும்போது கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டுவான், மேலே நிற்பவன் இழுத்துத் தூக்குவான். அந்தக் கயிற்றை மனைவியோடு கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். தன் சகோதரியை விதவையாக்க ஒருவனுக்கும் கை வராது என்பது கணக்கு.

நானா கடிதத்தை மடித்து என்னிடமே தந்தார்.

"உன்ட பெட்டிக்கயே கிடக்கட்டும் தம்பி."

"மறுமொழி எழுதேல்லையோ?"

"பிறகு."

எல்லாவற்றையும் முந்திச் செய்கிற மனிதர் அந்த ஒன்றை மட்டும் பிறகு என்றார். எனக்கு ஓரளவு விளங்கியது. அவருடைய மூத்த சகோதரி, அவர் ராத்தா என்று அழைப்பவர், இளம் வயதிலேயே விதவையானவர். அந்த மச்சானுக்கு முந்திய குளிப்பில் கயிறு பிடித்தவர் நானாதான். கை பிந்திவிட்டது என்று ஊரில் கதை. அதனால்தான் இப்போது எல்லாவற்றிலும் முந்துகிறார் என்று நானும் நினைத்தேன். நினைத்ததோடு விட்டேன்.

ஜாவாவில், சுரபாயாத் துறைமுகத்தில், கப்பலின் சுழலித் தண்டு முறிந்தது. திருத்த மூன்று கிழமை ஆகும் என்றார்கள். கூட வேலை செய்த மலாய்க்காரன் ஒருவன், கிழக்கே ஒரு மலை இருக்கிறது, அதன் வாய்க்குள்ளிருந்து புகை வருகிறது, மனிதர்கள் உள்ளே இறங்கிக் கந்தகம் வெட்டி வருகிறார்கள் என்றான். அன்றைக்கே எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. எங்கள் மன்னார்த் தீவில் மலை ஏது? நான் அதுவரை ஏறியதில் பெரிய உயரம் கட்டுக்கரைக் குளத்தின் அணைக்கட்டு. ஒரு மலையின் வாய்க்குள் இறங்கி, என் கையாலேயே ஒரு கந்தகக் கல்லை உடைத்து எடுத்து, அதைத் தாழ்வுபாட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டாவிட்டால் நான் பிறந்து என்ன பயன் என்று தோன்றியது. நானாவிடம் சொன்னேன். "சரி, வாறன்," என்றார். பிறகு போய்த் தன் மூட்டைக்குள் ஒரு கயிற்றைச் சுருட்டி வைத்தார்.

ஆளுக்கொரு சாக்குப்பை முதுகில். உடுப்பு ஒரு மாற்று, அவல், கருவாடு, அவருடைய தொழுகைப் பாய். போகிற வழியெல்லாம் கரும்பு வண்டிகளும் கோப்பித் தோட்டத்து லொறிகளும். பாஷை தெரியாத ஊரில் லொறியை எப்படி மறிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நானா யோசிக்கவேயில்லை. ஏற்றத்தில் முக்கி முனகிக்கொண்டு வந்த ஒரு லொறியின் பின்பலகையில் கையை வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது. "நானா, இது நெல்லு வண்டியில்ல, லொறி," என்றேன். கொஞ்ச தூரத்தில் சாரதி தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். ஏதோ சொன்னான். உதவியாள் பலகையை இறக்கிவிட்டான். ஜாவாக்காரனுக்கும் வன்னி வண்டிக்காரனுக்கும் மனம் ஒன்றுதான் போலும்.

ஏறுவதில் ஒரு கரைச்சலும் இல்லை, இறங்குவதில்தான் தொல்லை. எந்த லொறியிலும் போய்ச் சேரும் வரை அவர் இருந்ததில்லை. ஊர் கண்ணுக்குத் தெரிந்தவுடனேயே பலகையில் தட்டிவிடுவார். மிச்சத் தூரத்தை வெயிலில் நடப்போம். லொறி எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சந்தையில் நிற்கும். சாரதி எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வான்.

"ஏன் நானா இப்பிடி?"

"அவன் நிப்பாட்டின பிறகு இறங்கிறது அவன்ட கையில. நிக்கமுன்னம் இறங்கினா எங்கட கையில."

நடக்கும்போது என்னைத்தான் முன்னால் விடுவார். அவர் பின்னால். தென்னங்காணி போய்க் கோப்பித் தோட்டம் வந்தது. கோப்பித் தோட்டம் போய்க் காடு வந்தது. காடும் முடிந்த இடத்தில் தரை சாம்பலாக மாறியது. ஓரடி வைத்தால் அரை அடி சறுக்கியது. குளிர் வேறு. நான் மாசிப் பனியைக் குளிர் என்று நினைத்து வளர்ந்தவன். மாற்றுச் சாரத்தால் தலையை மூடிக்கொண்டு பல்லைக் கடித்து ஏறினேன். பின்னால் அவருடைய மூச்சு மட்டும் சீராகக் கேட்டது. நான் நின்றால் அதுவும் நின்றது.

காலை வெயில் ஏறிய நேரம் விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தோம். கீழே எட்டிப் பார்த்த எனக்கு வாயடைத்துப் போனது. ஒரு ஊரையே உள்ளே வைக்கலாம், அவ்வளவு பெரிய குழி. அடியில் பச்சை நிறத்தில் ஒரு குளம். அதன் கரையில் மஞ்சள் மஞ்சளாகப் பாறை, அதிலிருந்து வெள்ளைப் புகை. மனிதர்கள் ஈரத்துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தோளில் காவடித் தடியும் இரண்டு பக்கமும் கூடையுமாக ஏறி வந்துகொண்டிருந்தார்கள். நானா அந்தக் கூடைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுவும் குளிப்புத்தான்," என்றார்.

கூலிகள் போகும் பாதையில் மெல்ல மெல்ல இறங்கினோம். புகை வாய்க்குக் கொஞ்சம் மேலே ஒரு பாறைத் தட்டு. அங்கே நானா நின்றுவிட்டார். இனி நான் வரமாட்டேன், நீ போவதென்றால் கயிற்றோடு போ என்றார். கூலிகள் வெறும் ஆளாகப் போய் வருகிற இடம். கயிறு எதற்கு? ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்து இடுப்பில் கட்டவிட்டேன். கட்டி முடித்ததும், அவருடைய குணம் எனக்குத் தெரியும் அல்லவா, முன்னெச்சரிக்கையாகச் சொன்னேன்.

"நானா, நான் கயிற்றைச் சுண்டினாத்தான் நீங்கள் இழுக்கவேணும். அதுக்கு முதல் இழுக்கப்படாது. சத்தியம் பண்ணுங்கோ."

அவர் முகம் ஒரு மாதிரிப் போனது.

"அதை மட்டும் கேக்காத தம்பி," என்றார். "போய்ட்டு வா."

இறங்கினேன். காற்று அன்று எங்களுக்கு நல்லவன். புகை முழுவதும் குளத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நாற்றம் மூக்கைப் பிய்த்தது, கண் எரிந்தது, ஆனால் மூச்சு விடக்கூடியதாகத்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். தட்டில் நின்ற அவருடைய உதடு அசைந்துகொண்டிருந்தது. ஏதோ ஓதுகிறார் என்று நினைத்தேன். மஞ்சள் பாறைக்குப் பக்கத்தில் போய்க் குந்தினேன். கையை வைத்தேன். சூடாக, அப்போதுதான் சுட்ட ரொட்டி போல இருந்தது. ஒரு மூலையைப் பிடித்து அசைத்தேன். கல் ஆடியது. இன்னும் ஒருமுறை அசைத்தால் கையோடு வந்துவிடும்.

அப்போது இழுத்தார்.

சும்மா இழுப்பா அது? கடலடியிலிருந்து ஒரு ஆளைத் தூக்குகிற இழுப்பு. நான் மல்லாக்க விழுந்து, சாம்பலிலும் கல்லிலும் தேய்ந்து, முழங்கை தோலுரிந்து, மூட்டை போலத் தட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கூலிகள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். கீழே புகை முன்பு போன பக்கமே போய்க்கொண்டிருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவும் போவதில்லை. மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒருவனை, மூச்சடக்கிப் போனவனின் கணக்கில் இழுத்திருந்தார். இன்றைக்கும் சொல்கிறேன், அன்று நானா செய்தது பிழை.

இன்னொரு முறை இறங்கவும் விடவில்லை. இடுப்பு முடிச்சை அவிழ்க்க அவருக்குத்தான் தெரியும், அவர் அவிழ்க்கவில்லை. ஒரு கூலி என் மேல் இரங்கித் தன் கூடையிலிருந்து ஒரு துண்டை நீட்டினான். ஆத்திரத்தில் அதைத் தட்டிவிட்டேன். பிறகு ஏசத் தொடங்கினேன். குழியிலிருந்து விளிம்பு வரை ஏசினேன். விளிம்பிலிருந்து காடு வரை ஏசினேன். கிழடு என்றேன், பயந்தாங்கொள்ளி என்றேன், வேகாத மீனையும் கொதிக்காத தேத்தண்ணியையும் ஒன்றுவிடாமல் எடுத்துச் சொன்னேன். அவர் ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை. வழியில் ஒருமுறை சட்டென்று திரும்பிப் பார்த்தேன். மனிதர் சிரித்துக்கொண்டு வந்தார். அதில் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

அடிவாரத்தில் ஒரு தேநீர்க் கடை. வாங்குப் பலகையில் உட்கார்ந்து என் இடுப்பு முடிச்சை அவிழ்த்துவிட்டார். அப்போதுதான் அதைச் சொன்னேன்.

"உங்களை நம்பி எவன் கடலுக்க இறங்குவான்? தங்கச்சிக்கு மறுமொழி எழுதாமல் விட்டது நல்லதாப் போச்சு."

அவருடைய சிரிப்பு போய்விட்டது. சொன்ன உடனேயே எனக்கு நாக்கு கூசியது. ஆனால் சொல்லிவிட்டேனே.

கயிற்றை முழம் முழமாகச் சுருட்டத் தொடங்கினார். பிறகு கயிற்றைப் பார்த்தபடியே சொன்னார்.

"என்ட மச்சான் நல்ல குளியாளி. நான் முந்தி இழுத்திடுவன் எண்டு நெடுக ஏசுவான். முப்பத்திமூண்டு தரம் சுப்ஹானல்லாஹ் சொல்லி முடிச்சா எனக்குக் கை தானாப் போயிடும். எங்கட தோணியிலதான் கூடை குறைவு. கரையில எல்லாரும் பகிடி பண்ணுவாங்கள். ஒருநாள் சொன்னான், இண்டைக்கு நான் சுண்டினா மட்டும் இழு, ராத்தாட மேல சத்தியம் பண்ணு எண்டு. பண்ணினன்."

"பிறகு?"

"முப்பத்திமூண்டு முடிஞ்சுது. கை போச்சு. சத்தியம் பண்ணிட்டனே எண்டு பிடிச்சு நிப்பாட்டினன். இன்னொரு முப்பத்திமூண்டு. கயிறு அசையேல்ல. பக்கத்தில நிண்டவன் கத்தின பிறகுதான் இழுத்தன்." கயிற்றைப் பைக்குள் வைத்தார். "கை பிந்தினது எண்டு ஊரில சொல்லுவாங்கள். கை பிந்தேல்ல தம்பி. கைக்குத் தெரிஞ்சிருந்தது."

கடைக்காரன் தேநீர் கொண்டுவந்து வைத்தான்.

"மச்சான்ட மையித்தைக் கொண்டுபோய் வீட்டு வளவில வைச்சம். ராத்தா என்னைப் பாத்தா. ஒரு சொல்லு ஏசேல்ல. இண்டைவரைக்கும் ஏசேல்ல. ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

எனக்கு அழுகை வந்தது. தேநீர்க் கோப்பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்க்காதது போல் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். தூரத்தில் ஒரு லொறி வரும் சத்தம் கேட்டது. எழுந்து நின்று, பிறகு உட்கார்ந்தார்.

"கடுதாசி எழுதுவமா?" என்றார்.

கடைக்காரனிடம் தாள் வாங்கி, அந்த வாங்கிலேயே வைத்து எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதினேன்.

"தங்கச்சி, குளிப்புக்கு வாறன். இதை உன்ட மாப்பிள்ளைக்கு முன்னால வாசிக்கச் சொல்லு. நான் முந்தித்தான் இழுப்பன். கூடை நிறையாது. ஆக்கள் பகிடி பண்ணுவாங்கள். என்னட்டச் சத்தியம் ஒண்டும் கேக்கப்படாது. இதுக்குச் சம்மதமெண்டா அவன் இறங்கட்டும். சம்மதமில்லையெண்டா வேற ஆளைப் பாக்கட்டும், எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை."

சுரபாயாவில் அதைத் தபாலில் போட்டோம். பதில் வருவதற்குள் கப்பல் புறப்பட்டுவிட்டது. அவன் என்ன சொல்வானோ என்ற யோசனையிலேயேதான் கொழும்பு வரை வந்தார். நான் மேலே சொன்ன ரயில் பயணம் அதற்குப் பிறகுதான். மடுவில் இறங்கி நடந்தவர் வீட்டு வாசலுக்குக் கொஞ்ச நேரம் கழித்தே போக விரும்பினாரோ என்று பின்னாளில் யோசித்திருக்கிறேன்.

மாசியில் நானும் மறிச்சுக்கட்டிக்குப் போனேன். குளிப்புக் காலத்தில் ஆளில்லாத அந்தக் கரையில் ஓலைக் கொட்டில்களால் ஒரு பட்டணமே எழும்பிவிடும். சிப்பியைக் கடலிலேயே திறந்து பார்க்காமல் காவல் இருக்க ஒவ்வொரு தோணிக்கும் ஆள் வைத்தார்கள். இங்கிலீசு தெரிந்த புண்ணியத்தில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. இரண்டாம் கிழமை எனக்கு விழுந்த தோணியில் ஏறினால், அங்கே கயிற்றோடு நானா நிற்கிறார். அவருக்கு முன்னால் ஒரு வாட்டசாட்டமான இளைஞன் காலில் கல்லைக் கட்டிக்கொண்டிருக்கிறான். தங்கையைக் கட்டியவன்.

நானா என்னைக் கண்டு தலையை ஆட்டினார். அவ்வளவுதான். பிறகு அவருடைய கண் கயிற்றை விட்டு எழும்பவில்லை.

அவன் இறங்கினான். நானாவின் உதடு அசைந்தது. இந்த முறை நானும் கூடவே மனதுக்குள் எண்ணினேன். முப்பத்துமூன்று முடிந்ததும் கை போனது. அவன் தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கியதும் தூக்காததுமாக வெடித்தான்.

"இன்னும் நாலு சிப்பி கைக்கெட்டின தூரத்தில கிடந்தது! நாலு! என்ன மனுசன் நீங்கள்? தூண்டில் போடுற ஆளா, கயிறு பிடிக்கிற ஆளா?"

தோணி முழுவதும் சிரித்தது. மூச்சு வாங்கிக்கொண்டே இன்னும் ஏசினான். மறுபடி இறங்கினான். மறுபடி அரைக் கூடை, மறுபடி ஏச்சு. பொழுது உச்சிக்கு வரும் வரை இதே கூத்துத்தான். கடைசியில் எனக்கே பொறுக்கவில்லை.

"இப்பிடி ஏசுறானே நானா, உங்களுக்குக் கோவம் வாறேல்லையோ?"

கயிற்றைச் சீராகச் சுருட்டி வைத்துக்கொண்டு, ஜாவாவில் பார்த்த அதே சிரிப்பைச் சிரித்தார்.

"ஏசட்டும் தம்பி. ஏசுறதுக்கு மூச்சு வேணும்."

சொல்லிவிட்டு அடுத்த இறக்கத்துக்குக் கையைத் துடைத்துக்கொண்டார். நான் அப்பால் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மலையிலிருந்து அடிவாரம் வரை, முழங்கையில் இரத்தம் காயக் காய, நான் வாய் ஓயாமல் அவரை ஏசிக்கொண்டு வந்தேன். ஒரு சொல்லும் தவறிவிடாதபடி அவர் என் பின்னாலேயே நடந்து வந்தார்.